திருகாணி முதலாளியின் தண்ணீர்க் கணக்கு

நிறுவனம் நடத்தத் தெரிந்தவர் கையில் நகரத்தைக் கொடுத்தால் உருப்படும் என்று தேர்தல்தோறும் பேசுகிறோம். அப்படிப் பேசுகிறவர்கள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லினின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும்.

லண்டனில் பிறந்த அவர், 1854இல், 18 வயதில், மாமாவின் திருகாணித் தொழிற்சாலையில் குடும்பப் பணம் போட்டிருந்ததால் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற எந்திரங்களும், போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கும் சாமர்த்தியமும் அந்த நிறுவனத்தை வளர்த்தன. 1873இல் மேயரானார். மறு ஆண்டே பங்குகளை விற்றுத் தொழிலை விட்டு விலகினார், வயது 38. மேயர் நாற்காலியையும் முதலாளி நாற்காலியையும் ஒருசேர வைத்துக்கொள்ளவில்லை என்பதே என் கண்ணில் பெரிதாகப் படுகிறது.

நகரின் எரிவாயு இரண்டு தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு கொடுத்து அவற்றை நகரசபைக்கு வாங்கினார். இவ்வளவு கடனா என்று உறுப்பினர்கள் மலைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு லாபம் வந்தது.

அடுத்தது தண்ணீர். சாக்கடை கலந்த கிணறுகளை நம்பி ஏழைகள் வாழ்ந்த ஊர் அது. 1876இல் 13.5 லட்சம் பவுண்டுக்குக் குடிநீர்க் கம்பெனியை வாங்கியபோது அவர் வகுத்த விதி வேறு: எரிவாயுவில் வரும் லாபம் நகரத்துக்கு, தண்ணீரில் லாபமே கூடாது, மிச்சம் வந்தால் கட்டணம் குறைய வேண்டும். எதில் சம்பாதிக்கலாம், எதில் கூடாது என்று பிரித்துப் பார்த்த இந்தத் தெளிவுக்காகவே அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த விதி நிலைக்கவில்லை: 1989இல் இங்கிலாந்து தன் குடிநீர் வாரியங்களைத் தனியார்மயமாக்கியது. பர்மிங்காமின் தண்ணீரும் அதில் பங்குதாரர்களிடம் போனது.

வீடு என்று வந்தபோதோ சேம்பர்லினுக்குள் இருந்த வியாபாரியே வென்றான். நகர மையத்தின் சேரிகளைக் கையகப்படுத்தி இடித்து, கார்ப்பரேஷன் தெருவைத் திறக்கத் திட்டம் போட்டார். மனைகள் கடைக்காரர்களுக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குப் போயின; காலம் முடிந்ததும் எல்லாம் நகரசபைக்கே திரும்பும். நிலக்கணக்காகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. அங்கே குடியிருந்தவர்களுக்கோ மாற்று வீடு கட்டப்படவில்லை. பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ரைடர் தெருவில் 22 சிறு வீடுகளை நகரசபை கட்டியது 1890 வாக்கில்தான். அதற்குள் சேம்பர்லின் நாடாளுமன்றம் போய் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.