பந்தயத்தை வரைந்து பாருங்கள்!

கார் பந்தயம் என்றால் உங்களில் பலருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தாமிரபரணிக் கரையில் கார் பந்தயத் தடம் ஏதும் கிடையாது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு முதல் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து இரண்டுமே தொலைவுதான். ஆகவே பந்தயம் நம்மிடம் வந்து சேருவது பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான். முதலில் வந்தவர் யார், இரண்டாவது யார், எத்தனை விநாடி வேறுபாடு? அவ்வளவே.

இந்தப் பட்டியல் பந்தயத்தின் மிகச் சிறிய பகுதி என்பது என் கருத்து. யார் வென்றார் என்பதை அது சொல்லும். எப்படி வென்றார், ஏன் வென்றார் என்பதைச் சொல்லாது. அதை அறிய ஒரு வரைபடத் தாளும் கூர்மையான பென்சிலும் வேண்டும். தடத்தின் அருகே உட்கார்ந்து பார்த்தவருக்கும் புலப்படாத செய்திகள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்து பார்ப்பவருக்குப் புலப்படும். எப்படி என்று காண்போம்.

ரயில் போடும் கோடுகள்

முதலில் நமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஏதேனும் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். "கிராசிங்குக்காக நிற்கிறது" என்று பயணிகள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இதைப் படமாக வரையலாம். கிடை அச்சில் நேரம். செங்குத்து அச்சில் திருநெல்வேலியிலிருந்து உள்ள தொலைவு. திருச்செந்தூர் செல்லும் ரயில் மேல்நோக்கிச் செல்லும் ஒரு சாய்கோடு. திரும்பி வரும் ரயில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு சாய்கோடு. ரயில் விரைந்து சென்றால் கோடு செங்குத்தாக நிமிரும். மெதுவாகச் சென்றால் சாயும். நிலையத்தில் நின்றால் படுத்துவிடும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே கிராசிங். அந்த வெட்டுப்புள்ளி நிலையம் இல்லாத இடத்தில் விழுந்தால் கால அட்டவணை தவறு என்று பொருள்! பிரெஞ்சு அறிஞர் மாரே 19ஆம் நூற்றாண்டிலேயே பாரீசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ரயில்களை இவ்வாறு கோடுகளாகக் காட்டும் படத்தைத் தம் நூலில் வெளியிட்டார். ரயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் இன்றும் இதே வகைப் படத்தைக் கொண்டுதான் ரயில்களை நடத்துகிறார்கள்.

இனி அதே தாளில் கார் பந்தயத்தைப் போடுங்கள். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே செல்லும். இங்கே இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் அது கிராசிங் அன்று. ஒருவர் மற்றவரை முந்திவிட்டார் என்று பொருள். ரயில்வேக்காரர் கண்டபடி வெட்டக்கூடாது என்று கவனிக்கும் அதே கோடுகளை, பந்தய ரசிகர் எங்கே வெட்டும் என்று ஆவலுடன் தேடுகிறார்!

எதை வரைவது?

வரைபடம் போடுவது எளிது. எதை வரைவது என்று முடிவு செய்வதுதான் கடினம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

பந்தயம் 20 சுற்று. 'அ' என்ற கார் ஒவ்வொரு சுற்றையும் சரியாக 100 விநாடியில் முடிக்கிறது. ஆனால் 10ஆவது சுற்றில் டயர் மாற்றுவதற்காக உள்ளே சென்று 25 விநாடி இழக்கிறது. 'ஆ' என்ற கார் டயர் மாற்றுவதே இல்லை. அதன் முதல் சுற்றும் 100 விநாடிதான். ஆனால் டயர் தேயத் தேய ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட 0.2 விநாடி கூடுகிறது. கூட்டிப் பாருங்கள். 'அ' எடுத்துக்கொண்ட நேரம் 2025 விநாடி. 'ஆ' எடுத்துக்கொண்டது 2038 விநாடி. "13 விநாடி வேறுபாட்டில் 'அ' வெற்றி" என்று பட்டியல் முடிந்துவிடும்.

மொத்த நேரத்தை அப்படியே வரைந்தால் என்ன தெரியும்? ஒரு சென்டிமீட்டருக்கு 100 விநாடி என்று அளவு வைத்தால், 13 விநாடி என்பது 1.3 மில்லிமீட்டர். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். படம் ஊமையாகிவிடும்.

ஆகவே மொத்தத்தை வரையாதீர்கள், வேறுபாட்டை வரையுங்கள். 'அ' காரையே கிடை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஆ' எத்தனை விநாடி முன்னால் இருக்கிறதோ அத்தனை அலகு மேலே புள்ளி வையுங்கள். பின்னால் இருந்தால் கீழே வையுங்கள். இப்போது படம் பேசத் தொடங்கும். 5 சுற்று முடிவில் 'ஆ' 2 விநாடி பின்னால். 9 சுற்று முடிவில் 7.2 விநாடி பின்னால். 10ஆவது சுற்றில் 'அ' டயர் மாற்றியதால் கோடு சட்டென்று மேலேறுகிறது. 'ஆ' இப்போது 16 விநாடி முன்னால்! அதன்பின் கோடு வளைந்து வளைந்து இறங்குகிறது. 16 சுற்று முடிவில் 'ஆ' வெறும் 1 விநாடி முன்னால். 17ஆவது சுற்றில் கோடு அச்சைக் கடந்து கீழே போகிறது. 'அ' முந்திவிட்டது.

இந்தப் பந்தயம் 16 சுற்றோடு முடிந்திருந்தால் வென்றவர் யார்? 'ஆ' அல்லவா! இரண்டு ஓட்டுநர்களின் திறமையும் அதேதான், கார்களும் அவையேதான். முடிவுக்கோட்டை எங்கே போட்டோம் என்பதில் வெற்றியே மாறிவிடுகிறது. இதைப் பட்டியல் எங்காவது சொல்லிற்றா?

நான்காம் இடத்தின் கதை

உண்மையான பந்தயம் ஒன்றையும் பார்ப்போம். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் நடந்த பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பட்டியலை மட்டும் பார்ப்பவர், உலகின் மிகச் சிறந்த இருபது பேரில் பதினாறு பேரை அவர் விரட்டி முந்தினார் என்று எண்ணுவார்.

சுற்றுவாரியாக ஒவ்வொரு காரின் இடத்தையும் கோடாக வரைந்து பாருங்கள். தொடங்கும் முன் ஓடும் அணிவகுப்புச் சுற்றில் 20 கோடுகள் இருக்கும். அது முடிந்ததும் 14 கோடுகள் அறுந்துவிடும். மிச்சம் 6 கோடுகளே கடைசி வரை ஓடும். காரணம் என்ன? அந்தத் தடத்தின் சரிவான கடைசி வளைவில் மிச்செலின் டயர்கள் தாங்குமா என்பதற்கு அந்நிறுவனத்தால் உறுதி தர முடியவில்லை. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன.

இதனால் நரேனின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது என்பேன். காரைச் சேதமின்றிக் கடைசி வரை 72 சுற்று ஓட்டி முடித்தவர் அவர். விதிப்படி அந்தப் புள்ளிகள் அவருடையவையே. ஆனால் 'நான்கு' என்ற ஓர் எண்ணை வைத்து அவரைப் புகழ்வதும் சரியன்று, இகழ்வதும் சரியன்று. என்ன நடந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்வதே அறிவியல் மனப்பான்மை. வகுப்பில் 'ரேங்க்' என்ற ஒற்றை எண்ணால் அளக்கப்படும் உங்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

சாலைக்கும் ஒரு வளைகோடு

வேகத்தை விரும்பும் நீங்கள் கட்டாயம் வரைய வேண்டிய இன்னொரு படம் உண்டு. 30 கிலோமீட்டர் பயணம் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் ஏறத்தாழ அவ்வளவுதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 60 நிமிடம். 45 என்றால் 40 நிமிடம். 60 என்றால் 30 நிமிடம். 75 என்றால் 24. 90 என்றால் 20. கணிதப் பாடத்தில் எதிர் மாறுபாடு என்று படித்தீர்களே, அதுவே இது. வளைகோடு முதலில் வேகமாக இறங்குகிறது, பிறகு படுத்துக்கொள்கிறது. 30லிருந்து 45க்கு வேகத்தை உயர்த்தியவருக்கு 20 நிமிடம் லாபம். அதே அளவு உயர்த்தி 75லிருந்து 90க்குப் போனவருக்கு 4 நிமிடமே லாபம்.

அதே தாளில் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரத்தையும் வரையுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்றும், அதன்பின் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்றும் கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 90இல் ஏறத்தாழ 77 மீட்டர்! இந்தக் கோடு படுக்கவில்லை; மேலும் மேலும் நிமிர்கிறது. ஏனெனில் பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. லாபம் சுருங்குகிறது, ஆபத்து பெருகுகிறது.

பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள். வளைவில் தவறினால் சறுக்கி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே 0.2 விநாடிக்கு மதிப்பு உண்டு. நம் சாலையில் எதிரே பேருந்து வரும், குறுக்கே ஆடு வரும், பள்ளிக் குழந்தை வரும். அங்கே 4 நிமிடத்திற்கு என்ன மதிப்பு? இரண்டு பேருந்துகள் சாலையில் போட்டி போட்டால் கைதட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த இரு கோடுகளையும் ஒரு முறை தம் கையால் வரைந்தவர் கைதட்டமாட்டார் என்று நம்புகிறேன்.

நீங்கள் செய்யலாம்

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடத்திற்கு 8 மதிப்பெண். அந்த எட்டு மதிப்பெண்ணோடு வரைபடத் தாளை மூடி வைத்துவிடுகிறோம் என்பதே என் குறை. கணினி நொடியில் வரைந்து தருமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மொத்தத்தை வரைவதா, வேறுபாட்டை வரைவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பழக்கம் கையால் வரைந்தால்தான் வரும்.

பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டம் நடக்கும்போது, நண்பர்கள் மூவர் கைக்கடிகாரத்துடன் நின்று ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறியுங்கள். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து மாட்டுவண்டிப் பந்தயம் விடுவார்கள். போக வர இத்தனை மைல் என்று கணக்கு. சாலையை விட்டு விலகிப் பாதுகாப்பாக நின்று, மைல்கல்லுக்கு மைல்கல் நேரம் குறித்து வரைந்து பாருங்கள். கோடுகள் கூரை போல ஏறி இறங்கும். அவற்றில் எந்த வெட்டுப்புள்ளி முந்தியது, எது வெறுமனே எதிரே சந்தித்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால், பந்தயப் பொறியாளரும் ரயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலரும் படிக்கும் மொழி உங்களுக்கும் வந்துவிட்டது என்று பொருள்.