ஒற்றை வரிசையில் ஒரு காந்தம்

இரும்புக் காந்தத்தை உலையில் வைத்துக் காய்ச்சினால், ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் காந்தசக்தி போயே போய்விடும். அதென்ன கணக்காக 770? கொஞ்சம் முன்னே பின்னே இருக்கக்கூடாதா?

இதைப் புரிந்துகொள்ள, 1920-ல் ஜெர்மானியப் பேராசிரியர் வில்ஹெல்ம் லென்ஸ் ஒரு எளிய மாதிரியைச் சொன்னார். புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி அம்பு. மேலே பார்க்கும், அல்லது கீழே பார்க்கும். பக்கத்து அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே திரும்ப ஆசைப்படும். சூடு ஏறினால் ஆசை கலைந்து, இஷ்டத்துக்கு ஆடும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் காந்தம், கலைந்தால் வெறும் இரும்பு. அவ்வளவுதான்.

லென்ஸ் இந்தக் கணக்கைத் தன் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் கொடுத்தார். ஐசிங் ஒற்றை வரிசைப் புள்ளிகளுக்குப் போட்டுப் பார்த்து, 1925-ல் விடையை வெளியிட்டார். எவ்வளவு குளிர்வித்தாலும் காந்தம் உருவாகாது! வரிசையில் எங்கோ ஓர் இடத்தில் ஜோடி முறிந்தால் போதும், அதற்குப் பின்னால் நிற்கிற அத்தனை அம்புகளும் தலைகீழாகிவிடலாம். வரிசை எவ்வளவு நீளமானாலும், செலவு அந்த ஒரு முறிவுக்கு மட்டும்தான். சின்னச் சூடே அதைச் செய்துவிடும்.

கணக்கு சரி. ஆனால் முப்பரிமாணத்திலும் இதே கதைதான் என்று ஐசிங் முடிவு கட்டியதுதான் சறுக்கல். கோலத்தின் நடுவே ஒரு கூட்டம் திரும்ப வேண்டுமென்றால், எல்லை நெடுக அக்கம்பக்கத்தாரோடு மோத வேண்டும். கூட்டம் பெரிதானால் எல்லையும் நீளும். குளிரில் அதற்குத் தெம்பு கிடையாது. ருடால்ஃப் பையர்ல்ஸ் 1936-ல் இதைக் காட்டினார். 1944-ல் லார்ஸ் ஆன்சாகர் தளக்கோலத்துக்குத் துல்லியமான விடையே கண்டார். அதற்கு மேல் ஒரு பரிமாணம் கூடினால், துல்லிய விடை இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை.

இதெல்லாம் ஐசிங்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் நிலையிலும் அவர் இல்லை. யூதர் என்பதால் 1933-ல் ஆசிரியர் வேலை பறிபோனது. பிறகு காபுத் கிராமத்தில் யூதப் பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்தினார். 1938 நவம்பரில் அதையும் சூறையாடினார்கள். லக்ஸம்பர்க்குக்குத் தப்பினார். ஜெர்மன் ராணுவம் அங்கேயும் வந்தது. மனைவி யூதர் அல்ல என்பதால் உயிர் தப்பினாலும், ரயில் தண்டவாளம் பெயர்க்கும் கட்டாய வேலை.

1947-ல் அமெரிக்கா போன பிறகுதான், தன் பெயரில் 'ஐசிங் மாதிரி' என்று ஒன்று உலகம் சுற்றுவதே அவருக்குத் தெரிந்தது. (நியாயப்படி லென்ஸ் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும்.) பியோரியா நகரின் பிராட்லி பல்கலைக்கழகத்தில் 1976 வரை இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். 1998-ல், தன் 98-வது பிறந்தநாளுக்கு மறுநாள் அதே ஊரில் காலமானார்.