அளவெடுக்கும்போது வயிற்றை எக்காதீர்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் என்றதும், அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் ஐஐடி நுழைவுத் தேர்வு வந்துவிட்ட மாதிரி ஏன் இத்தனை அமளி? நானும் ஒரு தாய் என்ற உரிமையில் கேட்கிறேன்.

இதில் தேறுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஹைஸ்கூலில் பிள்ளை எந்த நிலையில் உட்காரலாம் என்று பார்க்கிற அளவு, அவ்வளவுதான். தையற்காரர் அளவெடுக்கையில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் அந்தச் சட்டை யாருக்குப் பொருந்தும்?

என் மகளை நான் அப்படித்தான் நிற்க வைத்தேன். மூன்று வாரம் ட்யூஷன், ராத்திரி பத்து மணிவரை வினைச்சொல் அட்டவணை. தாண்டிவிட்டாள், ஸ்பானிஷ் 3 கிடைத்தது. அந்த மொழியில் இறந்தகாலம் இரண்டு விதம். ‘அப்லே’ என்றால் பேசினேன், பேச்சு முடிந்தது. ‘அப்லாபா’ என்றால் அப்போதெல்லாம் பேசுவேன், பேசிக்கொண்டிருந்தேன். எதை எங்கே சொல்வது என்பது அட்டவணையை உருப்போட்டு வருவதில்லை. கதை கேட்டு, கதை சொல்லித்தான் படியும். அவளுக்குப் படியவில்லை. வகுப்போ அதைத் தாண்டிப் போய்விட்டது. அக்டோபரில் அங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி என்ன அவசரம் நமக்கு? பதினோராம் வகுப்பிலேயே கல்லூரி நிலைப் பாடமான ஏபி ஸ்பானிஷ் முடிய வேண்டும் என்பதுதானே? கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கட்டாயமாகக் கேட்பதே பிறமொழியில் இரண்டு ஆண்டுப் படிப்பு. மூன்று இருந்தால் நல்லது என்கிறது. ஸ்பானிஷ் 1-இல் தொடங்குகிற பிள்ளைக்கும் அதற்கு நேரம் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கச் சுமார் 30 வாரம் ஒதுக்குகிறது, அதுவும் முழுநேர வகுப்பாக. நாம் பதின்மூன்று வயதுக் குழந்தையிடம் மூன்று வாரத்தில் எதிர்பார்க்கிறோம்.

தயாராகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சுத் தேர்வும் உண்டா என்று பள்ளியில் கேளுங்கள். எதிரே ஆளில்லாமல் மைக்கில் பேசுவது பிள்ளைக்குப் புதிது. போனில் இரண்டு முறை பதிவுசெய்து பழகட்டும். ஏற்கெனவே படித்த இரண்டு வருட ஸ்பானிஷ் நோட்டையும் புரட்டட்டும். முந்தின இரவு நன்றாகத் தூங்கட்டும்.

அதற்குமேல் கொடுக்க ஒன்று உண்டென்றால், அது நம் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. ‘மே குஸ்தா’ என்பதை ஆங்கிலத்தின் வழியே யோசித்துக் குழம்புகிற பிள்ளையிடம், அது அச்சு அசலாக நம் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நான்’ இல்லாமலே ‘பேசினேன்’ நிற்பதுபோல, ‘யோ’ இல்லாமலே ‘அப்லே’ நிற்கிறது என்று காட்டுங்கள். என் மகள் இதைத் தானே கண்டுபிடித்து, கையில் தோசையோடு எழுந்து வந்து சொன்னாள். அப்போது அவள் ஸ்பானிஷ் 2-க்கு இறங்கியிருந்தாள். இறங்கட்டும் என்று வகுப்பு மாற்றப் படிவத்தில் கையெழுத்திட எனக்கு நவம்பர் ஆகிவிட்டது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.