வினைமுதல் எங்கே?

'எரிந்தது' வேறு, 'எரித்தான்' வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பள்ளிக்கூடத்துப் பாடம்தான். தலையங்கம் எழுதுகிற கனவான்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான், சேரி எரிகிறபோதெல்லாம் 'குடிசைகள் எரிந்தன' என்று எழுதுகிறார்கள். தானாகவே எரிந்ததாம்! கொளுத்தினவன் 'ந்' என்கிற ஒற்றை மெய்யெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அடுத்தது தொழிற்பெயர்: 'மோதல்'. தொழிற்பெயர் காலம் காட்டாது, ஆளையும் காட்ட வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் உயிரோடு எரித்தார்கள். அதை இன்றைக்கும் 'கூலித் தகராறு' என்கிறவர்கள் உண்டு. தகராறுக்கு இரண்டு பக்கம் வேண்டுமே. வெந்து செத்த குழந்தைகள் யாரோடு தகராறு செய்தன?

மூன்றாவது செயப்பாட்டுவினை. 2022 டிசம்பர், வேங்கைவயல். 'குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.' இங்கே மலம்தான் எழுவாய். செய்தவன் 'ஆல்' உருபு ஏற்று வரவேண்டும், வரவில்லை. இரண்டு வருஷம் வினைமுதல் இல்லாமலே அந்த வாக்கியம் ஓடியது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி மூன்று பேரைக் குற்றப்பத்திரிகையில் கொண்டுவந்து நிறுத்தியது. மூன்று பேரும் அந்தத் தண்ணியைக் குடித்த சேரிக்காரர்கள்! காலியாக விட்ட இடத்தில் அதிகாரம் யார் பேரை வேண்டுமானாலும் எழுதும். இதைவிட என்ன சாட்சி வேணும்?

பெருமை என்றால் மட்டும் வினைமுதல் கணீரென்று முன்னால் வரும். எங்க உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எழுதும்போது பாருங்கள். தமிழன் அன்றே தேர்தல் நடத்தினானாம். எந்தத் தமிழன்? முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அந்தச் சாசனம் பேசுவது பிரம்மதேய ஊரின் பார்ப்பன சபையைப் பற்றி. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம் இருந்தவன் பேர்தான் குடத்துக்குள் போனது. உழுதவன் பேருக்கு அங்கே இடமில்லை.

ஆக, கொலைக்கு ஆள் இல்லை. பெருமைக்கு மொத்தத் தமிழினமும் ஆள். இதற்குப் பேர் நடுநிலை!

எழுத்தறியாத நம் கிழவியைக் கேளுங்கள். 'எரிஞ்சிடுச்சி' என்று சொல்லமாட்டாள். 'கொளுத்திட்டானுங்கப்பா' என்பாள். அவள் இலக்கணம் நேர்மையானது.

தோழர்களே, தலையங்கத்தில் ஒவ்வொரு வினைக்கும் கீழே சிவப்பு மையில் 'யார்?' என்று எழுதுங்கள். பதில் இல்லாத வாக்கியங்களை ஆசிரியருக்கே திருப்பி அனுப்புங்கள். நம் துண்டறிக்கைகளிலும் 'தாக்கப்பட்டனர்' வேண்டாம். தாக்கியது யார் என்று எழுதுவோம்.