தன் கையே தனக்கு உதவியா?

வெள்ளிக் கம்பி இரண்டு, 9 வோல்ட் பாட்டரி மூன்று, ஒரு கண்ணாடி டம்ளரில் காய்ச்சி வடித்த நீர். இவ்வளவுதான் சாமான்கள். மூன்று பாட்டரிகளையும் தொடராகக் கோத்தால் 27 வோல்ட் கிடைக்கும். அதன் இரு முனைகளிலும் கம்பிகளை மாட்டி நீரில் தொங்கவிட்டால், ஒரு கம்பியிலிருந்து வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து இறங்குகிறது. சில சமயம் நீர் வெளிறிய மஞ்சளாகும். கூழ்ம வெள்ளி என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் இதைச் சமையலறை மேஜையின் மேலேயே தயாரித்துக் குடிக்கிற குடும்பங்கள் உண்டு. சளி முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் இது தீர்க்கும் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு.

முதன்முதலில் இதைப் பற்றிப் படித்தபோது நான் சிரித்தேன். ஸ்டான் ஜோன்ஸ் என்பவரின் கதையைப் படித்த பிறகு அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன்.

2002-ல் மான்டானா மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்கு லிபர்டேரியன் கட்சியின் சார்பில் போட்டியிட்டவர் அவர். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடும், உலகம் ஸ்தம்பிக்கும், மருந்துகூடக் கிடைக்காது என்று ஒரு பீதி கிளம்பியதே, நினைவிருக்கிறதா? அதற்கு அஞ்சி 1999-ல் அவர் தம் கையாலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடிக்கத் தொடங்கினார். ஜனவரி முதல் தேதி வந்தது, போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பீதி ஒரே இரவில் தீர்ந்துவிட்டது. ஆனால் அவருடைய முகம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த முகத்தோடுதான் ஊர் ஊராக வோட்டுக் கேட்டார். அப்போதும், அளவு மிஞ்சிப் போனது தம் தவறு என்றாரே தவிர, வெள்ளியை அவர் குறை கூறவில்லை.

அந்த மனிதரைக் கோமாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 'ஆபத்து வந்தால் யாரும் வரமாட்டார்கள். என்னை நானே காப்பாற்றிக் கொள்ள வேண்டும்' என்று நினைத்தார். ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு குடும்பத்தையே கடனாளியாக்கிவிடக்கூடிய தேசத்தில் அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனமா? அந்தப் பயம் நியாயமானது. நியாயமான பயத்துக்கு நியாயமில்லாத மருந்தைக் காட்டுகிறவர்களோடுதான் என் சண்டை.

'வெள்ளி கிருமியைக் கொல்லாதா?' என்று கேட்பார்கள். கொல்லும். ஜெர்மனியில் கிரெடே என்ற டாக்டர் 1880-ஐ ஒட்டிய வருஷங்களில், பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டு எத்தனையோ குழந்தைகளைக் குருடாகாமல் காத்தார். தீக்காயத்துக்குப் பூசும் களிம்பில் இன்றும் வெள்ளி இருக்கிறது. ஆனால் தோலின் மேல் பூசுவது வேறு, வயிற்றுக்குள் ஊற்றுவது வேறு.

கல்லூரியை நான் எட்டிப் பார்த்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்து ரசாயனம் போதும் இதற்கு. சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்பு நீரைச் சொட்டினால் தயிர் திரிந்தாற்போல் வெள்ளை வெளேரென்று சில்வர் குளோரைடு படியும். அந்தச் சோதனைக் குழாயை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தால், வெயில் பட்டுப் பட்டு ஊதா பாய்ந்து கறுத்துப் போயிருக்கும். பழைய புகைப்படச் சுருளின் ரகசியமும் இதுதான். நம் வயிற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. குடித்த வெள்ளி அங்கே குளோரைடாகிறது. பெரும்பகுதி கழிவோடு போய்விடுகிறது. உடம்பில் சேர்கிற சிறு பகுதி தோலில் போய்த் தங்குகிறது. அங்கே வெயில் பட்டதும் அந்தச் சோதனைக் குழாயின் கதை மனிதனின் முகத்தில் நடக்கிறது. இந்தப் படத்தைக் கழுவி அழிக்க மருந்து கிடையாது. லேசர் சிகிச்சையால் சிலருக்கு நிறம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'நம் பாட்டிமார் வெள்ளிப் பாலாடையில் புகட்டவில்லையா?' என்று நம்மவர் ஒருவர் எழுந்திருப்பார். புகட்டினார்கள். பாலாடையை மின்சாரத்தால் கரைத்துப் புகட்டவில்லை, ஐயா!

இன்னொன்று, அளவு. எத்தனை நிமிஷம் விட்டார், கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பாட்டரி புதிதா பழையதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு டம்ளரிலும் வெள்ளி வேறு வேறு அளவாக இருக்கும். அதை அளந்து பார்க்க அந்த வீட்டில் கருவி கிடையாது. கைவைத்தியம் செய்த நம் கிழவிகூட 'சிட்டிகை', 'கொட்டைப் பாக்களவு' என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். இங்கே அதுவும் இல்லை.

கூழ்ம வெள்ளி கலந்த மருந்துகளைப் பத்திரமானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தீர்ப்புச் சொன்னது 1999-ல். ஜோன்ஸ் குடிக்கத் தொடங்கிய அதே வருஷம்! ஆனால் 'மருந்து' என்ற பெயரை எடுத்துவிட்டு 'உணவுச் சத்து' என்று சீட்டு ஒட்டினால், நிரூபணம் எதுவும் முன்கூட்டிக் காட்டாமலே விற்கலாம். அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்த வாசல் அது. 2020-ல் கொரோனா பரவியபோது, ஜிம் பாக்கர் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியின் நிகழ்ச்சியில் வெள்ளிக் கரைசல் விற்பனை ஆயிற்று. மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2021-ல் சமரசமாகி, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பிற்று. போன பணம் திரும்பும். போன நிறம் திரும்புமா?

'என் உடம்பு, என் இஷ்டம்' என்பது பெரிய வார்த்தை. நான் அதை மதிக்கிறேன். வயது வந்தவன் தெரிந்தே குடித்தால் தடுக்க நான் யார்? ஆனால் அந்த டம்ளர் அவனோடு நிற்பதில்லையே! நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தையின் வாயருகே அதே டம்ளர் போகிறது. குழந்தைக்கு ஏது இஷ்டம்? வெள்ளி செய்கிற கெடுதலைக் காட்டிலும், அதை நம்பி டாக்டரிடம் போகாமல் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் செய்கிற கெடுதல் பெரிது.

தன் கையே தனக்கு உதவி என்பது நல்ல பழமொழி. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்க அந்தக் கை வேண்டும். ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்கு, அதே கை பாட்டரியைக் கீழே வைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும்.