தொகுதியில்லாத பிரதிநிதி

நிழற்குடைகளின் முகப்பில் எழுதப்படும் பெயர்களைப் பற்றி நான் குறைகூறும் போதெல்லாம், நாட்டில் இதைவிடப் பெரிய குறை வேறு இல்லையா என்று கேட்டுக் கடிதம் எழுதுகிற அன்பர்கள் இவ்வாரமும் எழுதுவார்கள் என்பதை அறிந்தே மறுபடியும் எழுதுகிறேன். எங்கள் பேட்டைப் பிரதான சாலையில் இந்த வாரம் ஒரு பேருந்து நிழற்குடை திறக்கப்பட்டது. நிறுத்தத்தின் பெயர் ஓர் ஓரத்தில் சாண் அகலத்துக்குள் ஒடுங்கியிருக்க, சட்டமன்ற உறுப்பினரின் பெயரும் படமும் முகப்பு முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதியென்று ஒவ்வோர் உறுப்பினரின் பரிந்துரைக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அது தீப்பெட்டி வாங்கும்போதும் வேட்டி வாங்கும்போதும் ஜனங்கள் செலுத்திய வரிப்பணம். அந்தப் பணத்தில் எழுந்த கூரைக்குக் கொடுத்தவர் பெயர் இல்லாமல், கொடுக்கும்படி எழுதியவர் பெயர் மட்டும் இருப்பது நியாயமன்று என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். பள்ளிச் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, மயானக் கொட்டகை என்று இப்பத்தியில் நான் முன்பு எழுதியவற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், எங்கள் உறுப்பினரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எளிதில் காணக் கிடைப்பவர். கல்யாணத்துக்கும் வருவார், சாவுக்கும் வருவார். மழைவெள்ளம் புகுந்த நாட்களில் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு விழா முடிந்து அவர் காரில் ஏறப்போகும் தறுவாயில், கீரைக்கூடையைப் பந்தல்காலோரம் இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நான்காக மடித்து, மடிப்பு கிழியும் அளவுக்குப் பழுப்பேறிய ஒரு காகிதம் அவள் கையில் இருந்தது.

"முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டேன் சாமி. மகன் இருக்கான்னு சொல்லித் திருப்பிட்டாங்க. அவன் எங்க இருக்கான்னே எனக்குத் தெரியலையே."

"கவலைப்படாதீங்க பாட்டி, தாசில்தாருகிட்ட நான் பேசுறேன்" என்று சொல்லி, அங்கேயே நின்றபடி தொலைபேசியை எடுத்துப் பேசவும் செய்தார். மூதாட்டி கும்பிட்டாள், சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பரிவு உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுக்குப் பணம் கிடைத்துவிடவும் கூடும். எனினும் கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இருக்குமிடம் தெரியாத மகனைச் சோறு போடும் மகனாகக் கணக்கிடுகிற ஒரு வழக்கம் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்குமானால், அது இந்த ஒரு கிழவியை மாத்திரமா வதைக்கும்? தாசில்தாரிடம் பேசுவது ஒருத்திக்குப் பரிகாரம். எல்லோருக்குமான பரிகாரம் கோட்டையில், சட்டமன்றத்தில் இருக்கிறது. வினா எழுப்பவும், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கவும், மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் கொண்டுவரவும், தனி உறுப்பினராகவே ஒரு சட்டமுன்வடிவைத் தாக்கல் செய்யவும் உரிமை பெற்ற மனிதரிடத்தில் நாம் ஒரு தொலைபேசி அழைப்பை மட்டும் கேட்டுப் பெற்றுத் திருப்தியடைகிறோம். குற்றம் அவருடையது மட்டுமன்று, கேட்பவர்களாகிய நம்முடையதும்.

வீடு திரும்பியதும், இத்தகைய மனத்தாங்கல் வரும்போதெல்லாம் நான் எடுக்கிற புத்தகத்தையே எடுத்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சட்டசபை உறுப்பினராகத் தாம் பெற்ற அனுபவத்தை ஆங்கிலத்தில் எழுதி 1930-இல் வெளியிட்ட சிறு நூல் அது. சுயசரிதைக்குரிய அலங்காரமோ, பதவியை இழந்தவர்களின் புலம்பலோ அதில் இல்லை. தாம் கொண்டுவந்த தீர்மானங்கள், அவற்றுக்காகப் பேசிய பேச்சுகள், எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள், சர்க்கார் அளித்த பதில் என்று, மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டை எழுதும் முறையிலேயே அம்மையார் எழுதிச் செல்கிறார். சட்டசபை என்பது எதற்காக ஏற்பட்டது என்று என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு அரசியல் சாசன உரைநூல்களை நான் சிபாரிசு செய்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

அம்மையார் சபைக்குள் வந்த வரலாறே கவனிக்கத் தக்கது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. ஆனால் சொத்துத் தகுதி இருந்தமையால் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மிகச் சொற்பம். உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய தோற்றுப்போனார். இந்திய மாதர் சங்கத்தார் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரை முன்மொழிய, சர்க்கார் அவரைச் சட்டசபைக்கு நியமித்தது. வைத்தியத் தொழிலுக்கு இடையூறு வருமே என்று முதலில் தயங்கியவர், பின்னர் இசைந்தார். சபை அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நியமன உறுப்பினர் ஆகையால் அவருக்குத் தொகுதி என்று ஒன்று இல்லை. திறந்து வைக்க ஒரு கட்டடமும் இல்லை, திருப்பிக் கேட்க ஒரு வாக்காளரும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர், வாக்கே இல்லாதவர்களைத் தம் தொகுதியாக வரித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நோயோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும், பருவம் முதிருமுன் பிரசவ அறைக்கு வந்த சிறுமிகளும், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த பெண்குழந்தைகளுமே அவருடைய ஜனங்கள்.

இந்த ஜனங்களை அவர் மேடையிலிருந்து பார்த்து அறிந்தவரல்லர். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியால் இடம்பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆகவே, குழந்தை மணத்தைப் பற்றிச் சபையில் வைதிகர்கள் சாஸ்திரம் பேசியபோது, பன்னிரண்டும் பதின்மூன்றும் வயதான தாய்மார்களின் பிரசவ வேதனையைப் பற்றிப் பேச அவரால் முடிந்தது. பெண்ணின் மண வயதைக் குறைந்தது 14 என்று விதித்த சாரதா சட்டம் 1929-இல் மத்திய சட்டசபையில் நிறைவேறியது. அதற்காகச் சென்னையிலிருந்து ஒலித்த குரல்களுள் அம்மையாருடையது முதன்மையானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்று அவர் வற்புறுத்தியதும் ஆஸ்பத்திரியில் கண்டதன் விளைவே.

அவருடைய சட்டப்பணியில் நான் மிகவும் வியப்பது 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர்கள் அவருக்கு முன்பும் பலர் இருந்தார்கள். வழக்கம் எதனால் நிலைத்து நிற்கிறது என்று அம்மையார் ஆராய்ந்தார். கோயில் ஊழியத்துக்காக அக்குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். ஊழியம் தொடர வேண்டுமானால் தலைமுறைதோறும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். ஒரு வீட்டார் உண்ணும் சோறு முழுவதும் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தாய் மனம் கசிந்தாலும் வயிறு விடாது. இதைக் கண்டுகொண்ட அம்மையார், இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஊழியக் கடமையிலிருந்து நிலம் விடுவிக்கப்படும். நிலம் அனுபவித்து வந்தவளுக்கே உரியதாகும். அவள் சர்க்காருக்குத் தீர்வை செலுத்தினால் போதும். வழக்கத்தை அந்தச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. வழக்கத்தின் வேருக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டது. சட்டம் இயற்றுவது என்பது இதுதான் என்று அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

எதிர்ப்பு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது. தேசியத் தலைவரான சத்தியமூர்த்தியும் எதிர்வரிசையில் நின்றார். தேவதாசிகளே சங்கம் கூடி விண்ணப்பம் அனுப்பினார்கள். பின்னாளில் தியாகராஜ சுவாமிகளின் சமாதித் தலத்துக்குத் தம் உடைமையையெல்லாம் அர்ப்பணித்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முக்கியமானவர். எங்களை விலைமாதரோடு ஒன்றாக எண்ணாதீர்கள், எங்கள் கல்வியையும் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்பது அவர்களுடைய முறையீட்டின் சாரம். அந்த முறையீட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன்; கலையை வளர்த்த அக்குலத்துப் பெண்கள் பின்னர் அடைந்த புறக்கணிப்பு நம் நாட்டுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் தன் கழுத்தில் கட்டப்படுவது இன்னதென்று அறியாத வயதுடைய சிறுமிக்காக எவர் விண்ணப்பம் எழுதுவது என்ற கேள்விக்கு அம்மையார் ஒருவரே விடையாக நின்றார். இவ்விஷயத்தில் நான் அம்மையாரின் கட்சிதான்.

1930-இல் காந்தியடிகள் கைதானதும் அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை அடியோடு தடுக்கும் மசோதா அப்போது நிறைவேறாமல் நின்றுவிட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசியும், 1936-இல் நாவல் எழுதியும் அந்தப் போராட்டத்தை அணையவிடாமல் காத்தார். சபையை விட்டு வந்த முத்துலட்சுமி அம்மையாரும் வீட்டில் சும்மா இருக்கவில்லை. பொட்டுக்கட்டுதலுக்குத் தப்பிய பெண்கள் அடைக்கலம் தேடி அவர் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் பிறந்த குலத்தைக் கேட்டு நகரத்து விடுதிகள் கதவைச் சாத்தின. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் பல்லாண்டு முயன்று, அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் நிலையத்தையும் தொடங்கி வைத்தார். அவர் விட்டுச்சென்ற மசோதாவின் நோக்கம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராயிருந்த 1947-ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. பதவியில் இருந்த காலம் சில ஆண்டுகளே. அந்தச் சில ஆண்டுகளில் எழுதப்பட்ட வாசகங்கள் எத்தனையோ குடும்பங்களில் பெண்களின் தலைவிதியை மாற்றின.

தொகுதி மக்களோடு கலந்து பழகுவதும் சட்டமன்றத்தில் உழைப்பதும் இரண்டு வேலைகள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முன்னதைச் செய்கிறவரைத் தொண்டர் என்று புகழ்கிறோம். பின்னதை வக்கீல்களின் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அம்மையாரிடத்தில் இவை ஒரே வேலையாக இருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்டறிந்ததைச் சபையில் வாசகமாக எழுதினார். வாசகம் நிறைவேறாதபோது வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

நம் தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு விண்ணப்பம். ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அம்மையாரின் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள், நன்று. அவருடைய இந்நூலை நல்ல தமிழில், மலிவுப் பதிப்பாக அச்சிட்டு, அடுத்த சட்டமன்றம் கூடும் நாளில் பதவிப் பிரமாணம் செய்துகொள்ளும் 234 உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள். செலவு அதிகம் ஆகாது.