24 மில்லிலீற்றர் கெட்டித்தனம்

குண்டசாலையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில், சொப்பிங் பேக் கட்டு தராசுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பருப்பை நிறுத்ததும் கடைக்காரரின் கை தானாகவே அங்கே போகும். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கை பாதிவழியில் நின்றது.

“சேர், பேக் போடவா? இப்ப காசு எடுக்கணுமாம்.”

என் துணிப்பை வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. “போடுங்க நானா” என்றேன். பொலித்தீனின் தீமை பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடியவன் நான்.

எனக்கு அறிவு குறைவில்லை, பழக்கம்தான் வென்றது. இதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜக்தீஷ் சேத். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்து, அமெரிக்கா போய்ச் சந்தைப்படுத்தல் பேராசிரியரானவர். ஜோன் ஹவார்டுடன் சேர்ந்து 1969இல் அவர் வெளியிட்ட ‘வாங்குவோர் நடத்தைக் கோட்பாடு’ இன்றும் முகாமைத்துவ வகுப்புகளில் பாடம். முதல் தடவை வாங்கும்போது மனிதன் யோசிக்கிறான், விசாரிக்கிறான். அடுத்தடுத்த தடவைகளில் யோசனை சுருங்குகிறது. கடைசியில் கை மட்டும்தான் வாங்குகிறது. கம்பனிகள் கோடிக்கணக்கில் செலவழிப்பது வாடிக்கையாளரை இந்தக் கடைசிப் படிக்குக் கொண்டுவரத்தான்.

அதே சேத் 2011இல், வேறிருவருடன் சேர்ந்து, நிதானமாக நுகர்வது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சேர்த்துக் குவிப்பது, வாங்கி வீசித் திரும்ப வாங்குவது, அந்தஸ்துக்காக வாங்குவது: இந்த மூன்றையும் மட்டுப்படுத்தவும் சந்தைப்படுத்தலைப் பயன்படுத்தலாம் என்பது அதன் வாதம். வாங்க வைக்கும் வித்தையை எழுதியவரே நாற்பது வருடங்கள் கழித்துப் போதும் என்று சொல்ல வைக்கும் வித்தையையும் தேடியிருக்கிறார். நமது பல்கலைக்கழகங்கள் முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. களனியிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் சந்தைப்படுத்தலுக்கென்றே துறைகள் உண்டு. நிலைபேறான நுகர்வு பற்றிய ஆய்வும் இந்நாட்டில் நடக்கிறது. ஆனால் ஆய்வு ஓர் அறையிலும் பரீட்சை இன்னோர் அறையிலும் இருந்தால், வெளியே போகும் பட்டதாரி எதைக் கொண்டு போவான்?

எதைக் கொண்டுபோகிறான் என்பதற்கு நல்ல உதாரணம் ஷாம்பு பக்கட். உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத பக்கட்டுகளை 2021இல் அரசு தடை செய்தது. பெரிய நிறுவனமொன்று என்ன செய்தது என்பதை ரொய்ட்டர்ஸ் அடுத்த வருடம் வெளியிட்டது. ஆறு மில்லிலீற்றர் பக்கட்டுகள் நான்கை, இலேசாகக் கிழிக்கக்கூடிய துளைக்கோட்டால் ஒட்டி விற்றது. நாலாறு இருபத்துநான்கு, சட்டத்துக்கு அது பெரிய பக்கட். கடைக்காரர் கிழித்துக் கொடுத்தால் பழைய பக்கட். தெருக்கடையில் சாமான் எப்படிக் கைமாறுகிறது என்று நுணுக்கமாகத் தெரிந்த மூளை அது. அந்த மூளைக்கு ஈடான ஒன்று சட்டம் எழுதும் மேசையிலும் இருந்திருந்தால், துளைக்கோட்டைப் பற்றி ஒரு வரி சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் சேத்தின் மூன்று வகையும் போதாது. தோட்டத்து லயத்தில் கைக்காசுக்கு ஒரு பக்கட் வாங்கும் பெண் திரும்பத் திரும்பத்தான் வாங்குகிறாள். அது ஆசை இல்லை, போத்தல் வாங்குமளவுக்குக் காசு ஒரே நாளில் கையில் சேர்வதில்லை, அவ்வளவுதான். அவளிடம் நிதானம் பற்றிப் பிரசங்கம் செய்வது அபத்தம். சொந்தப் போத்தலில் பத்து ரூபாய்க்கும் ஷாம்பு ஊற்றிக் கொடுக்கும் கடை வேண்டும். அதை இலாபமாக நடத்துவது எப்படி என்பது அசல் சந்தைப்படுத்தல் கேள்வி. இதுதான் பரீட்சைத் தாளில் வர வேண்டும்.

பைக்கு விலை வைப்பதும் தானாக வேலை செய்துவிடாது. அயர்லாந்து 2002இல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டதும் பாவனை தொண்ணூறு வீதத்துக்கு மேல் விழுந்தது. பிறகு அந்தக் காசும் பழகிப்போய், பை மெல்லத் தலைதூக்க, 2007இல் 22 சென்டாக உயர்த்தினார்கள். விலையும் ஒரு பழக்கம்தான்.

கண்டி நகரக் குப்பை சேரும் கொஹாகொடை மகாவலிக் கரையில்தான் இருக்கிறது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை தாண்டி எங்கள் குண்டசாலையைச் சுற்றிக்கொண்டு விக்டோரியாவுக்குப் போகும் ஆறு அது. குப்பையாகும் பைகள் எங்கள் கைக்கு எப்படி வருகின்றன என்று அறிய, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேர் ஒரு கிழமைக்கு எங்கள் கடைகளில் நின்று எண்ணினால் போதும்: எத்தனை பேர் பை கேட்டு வாங்கினார்கள், எத்தனை பேருக்குக் கேட்காமலே கிடைத்தது? இரண்டாவது கணக்குத்தான் பெரிதாக இருக்கும் என்பது என் ஊகம்.

போன கிழமை நானாவிடம் ஒன்று கேட்டுப் பார்த்தேன். அந்தப் பேக் கட்டை ஆணியிலிருந்து கழற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்க முடியுமா?

“அப்ப ஒவ்வொரு தடவையும் நான் குனியணுமே, சேர்” என்றார்.